பால்மரம் சீவும் கையின் மூட்டுகள்
கோலா குபு பாருவைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழர் தலைமுறைகளாகச் செய்துவந்த பால்மரம் சீவும் தொழிலைப் போல, மனிதக் கைமூட்டுகளின் நுட்பத்தை வெளிப்படையாகக் காட்டும் வேலை அரிது. இடமிருந்து வலமாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் உளி இறங்கும்போது, ஒரே தளத்தில் மடங்கி நீளும் கீல் மூட்டாகிய முழங்கை அதை இழுக்க, அடிமரத்தின் வளைவுக்கேற்ப உளியின் வாயைத் திருப்புவது முன்கையாகும்; அங்கே கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின்மேல் குறுக்காகப் புரள்கிறது, இத்தகைய இணைப்பே சுழல் மூட்டு எனப்படும். மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகள் ஒன்றோடொன்று நழுவி அசைவை நுணுக்கமாக்குவதால், பட்டை சுமார் 1 மில்லிமீட்டர் தடிப்பில் மட்டும் சீவப்பட்டு, புதுப்பட்டையை வளர்க்கும் கேம்பியம் என்னும் வளர்திசு காயமின்றித் தப்புகிறது. விடியலுக்கு முந்தைய இருளில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் இந்த அளவு பிசகாதிருந்தது உண்மையிலேயே பெருந்திறன். சம்பளக் கணக்கு அதை ஒருபோதும் உரியவாறு மதித்ததில்லை. இந்த உழைப்பைத் தாங்கும் மூட்டுகளில், எலும்பு முனைகளைப் போர்த்தும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுறைக்குள் சுரக்கும் உயவுநீர், அசைவின் அழுத்தத்தால் அதனுள் ஊடுருவி ஊட்டமளிக்கிறது. ஆகவே அளவான உழைப்பு மூட்டைப் பேணுகிறது. ஓய்வற்று ஒரே அசைவைத் திரும்பச் செய்யும் மணிக்கட்டிலோ தசைநாண்கள் வீங்கி வலிக்கின்றன.