விடுமுறை வாசிப்பு: தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

விடுமுறையில் வாசிக்கும் புத்தகம் பரீட்சைக்கோ வேலைக்கோ உதவ வேண்டியதில்லை. எடுத்தால் கீழே வைக்க மனம் வரக் கூடாது; யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்த் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடிய வேண்டும். துப்பறியும் கதை, நகைச்சுவை, சரித்திரத் தொடர், காதல் நாவல், சித்திரக்கதை எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாட்டு வாசகரும் இலங்கைத் தமிழ் வாசகரும் விரும்பும் வகைகள் ஏறக்குறைய ஒன்றே. தேர்ந்தெடுக்கும் முறைதான் வேறு. ரசனையைவிட விடுமுறையின் அமைப்பும், புத்தகம் கைக்கு வந்து சேரும் வழியுமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

தமிழ்நாட்டில் விடுமுறை என்றால் கோடை விடுமுறைதான். முழுப் பரீட்சை முடிந்த ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒரே நீட்டாக அது கிடைக்கிறது. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் சில நாட்களில் கழிந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் பகல் பதினொரு மணிக்குமேல் வெளியே தலைகாட்ட முடியாது. பாட்டி வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் மாலை வரை கிடக்கும் அந்த நேரமே வாசிப்பு நேரம். இலங்கையின் வழக்கமான பள்ளி நாட்காட்டியில் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்று விடுமுறைகள் உண்டு. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டும், ஆகஸ்டையொட்டி நல்லூர்த் திருவிழாவும் பிள்ளைகளை வெளியே இழுத்துவிடுகின்றன. வடக்கு, கிழக்கில் வீட்டோடு இருந்து வாசிக்க வாய்த்தது டிசம்பர்தான். மாரி மழை விடாது பெய்ய, ஒழுங்கை எனப்படும் சந்துகளிலெல்லாம் வெள்ளம் நிற்கும்போது புத்தகத்தைத் தவிர வேறு போக்கு இல்லை. ஒரு கரையில் வெயிலும் மறு கரையில் மழையும் வாசகரை உள்ளே உட்கார வைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டின் இலகு வாசிப்பைப் பல்லாண்டுகள் தாங்கி நின்றவை மாத நாவல்கள். 1969இல் தொடங்கிய ராணி முத்து ஒரு முழு நாவலை இதழின் விலையில் கொடுத்தது. பின்னர் மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று வரிசை நீண்டது. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்கும் இந்த நாவல்களை யாரும் பின்னட்டை படித்து ஆராய்ந்து வாங்கவில்லை. எழுத்தாளர் பெயரும் துப்பறிபவர் பெயருமே போதுமாக இருந்தன. சுஜாதா என்றால் கணேஷ், வசந்த். ராஜேஷ்குமார் என்றால் விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகர் என்றால் பரத், சுசீலா. சுபா என்றால் நரேந்திரன், வைஜெயந்தி. பழகிய ஆட்களோடு புதிய வழக்கு ஒன்று. விடுமுறைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது. ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1500ஐத் தாண்டும் என்பதிலிருந்தே வாசகரின் பசியை அளந்துகொள்ளலாம். குடும்பக் கதை விரும்பியவர்கள் ரமணிசந்திரன் பக்கம் போனார்கள். இவற்றை இலக்கியம் அல்ல என்று ஒதுக்கும் வழக்கம் விமர்சனத்தில் உண்டு. அது அநியாயம். நாவல் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கும் பழக்கத்தைப் பல லட்சம் பேருக்குக் கொடுத்தவை இவையே.

வாங்க இயலாதவர்களுக்கு வாடகை நூல் நிலையங்கள் இருந்தன. சிறு கட்டணத்துக்குப் புத்தகம் எடுத்துப் போய்ச் சில நாட்களில் திருப்பித் தரலாம். பத்திரிகைத் தொடர்களைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்திருக்கும் வீடுகள் ஊருக்கு நாலைந்து தேறும். தேவனின் துப்பறியும் சாம்புவையும் கல்கியின் தொடர்களையும் அடுத்த தலைமுறை அப்படித்தான் படித்தது.

சிறுவர்களுக்குக் காமிக்ஸ் இருந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. விடுமுறையைக் கணக்கில் வைத்தே லயன் கோடை மலர் என்ற பெயரில் தடித்த சிறப்பிதழ்களை வெளியிட்டது. ஆண்டின் ஒரு பருவத்துக்கென்றே வாசிப்பைத் தயாரிக்கும் இந்த வழக்கம் இந்தியாவில் பல மொழிகளில் உண்டு. மராத்தியில் தீபாவளி மலர்கள். வங்கத்தில் துர்கா பூஜைச் சிறப்பிதழ்கள். சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகளில் பல அப்படிப்பட்ட இதழ்களில் வந்தவையே; அவை இன்று தமிழிலும் கிடைக்கின்றன, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

இலங்கையில் தேர்வு கடையில் நடக்கவில்லை, பெரும்பாலும் வாசிகசாலையில் நடந்தது. யாழ்ப்பாணக் கிராமங்களில் சனசமூக நிலையத்தோடு சேர்ந்த வாசிகசாலை ஊர்ச் சொத்து. காலையில் பத்திரிகை, மாலையில் பழைய இதழ்களும் நாவல்களும். இந்தியாவிலிருந்து வரும் மாத நாவலும் காமிக்ஸும் கடல் கடந்து வருவதால் விலை ஏறும், பிரதியும் குறையும். ஒருவர் வாங்கியதை ஒழுங்கை முழுதும் வாசிக்கும். ஆகவே எதை வாங்கலாம் என்பதைவிட யாரிடம் எது இருக்கிறது என்பதே முதல் கேள்வி. இந்த முறைக்கு ஒரு நன்மை உண்டு. ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து படிக்கும் வசதி இல்லாததால், கிடைத்ததையெல்லாம் படித்துப் பலவற்றிலும் பழகிய வாசகர்கள் உருவானார்கள்.

1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இந்த நிலை சில ஆண்டுகளுக்கு மாறியது. வீரகேசரி பிரசுரம் உள்ளூர் எழுத்தாளரின் நாவல்களை மலிவு விலையில் அடுக்கடுக்காக வெளியிட்டது. நெடுந்தீவில் வாடி அமைத்து மீன்பிடிக்க வருவோரைப் பற்றிய செங்கை ஆழியானின் வாடைக்காற்றும், வன்னிக் காட்டோரத்தில் நடக்கும் பாலமனோகரனின் நிலக்கிளியும் அந்தக் காலத்தின் பேறுகள். விறுவிறுப்பான கதையும் சொந்த மண்ணும் ஒரே புத்தகத்தில் கிடைக்கும் என்பதை அவை காட்டின. அதற்குச் சற்று முன்பே செங்கை ஆழியான் எழுதிய ஆச்சி பயணம் போகிறாள், யாழ்ப்பாணக் கிராமத்து மூதாட்டியின் கதிர்காம யாத்திரையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. இலங்கைத் தமிழில் விடுமுறைப் புத்தகம் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைச் சொல்லலாம். சுந்தர் நடத்திய சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழும் இதே வரிசையில் வைக்கத் தக்கது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் உள்ளூர் மலிவுப் பதிப்பு சுருங்கிப் போனது. அந்த இடத்தை இன்றுவரை வேறொன்று நிரப்பவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அரிய சுவடிகளின் இழப்பு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. விடுமுறைக்கு இரவல் எடுத்துவர இருந்த கதைப் புத்தகங்களும் அதே நெருப்பில் போயின என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1990களின் முதற்பாதியில் போரால் மின்சாரமும் தாளும் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஏற்கெனவே பலமுறை படித்த பழைய நாவல்களே மறுபடியும் படிக்கப்பட்டன. தேர்வு என்ற சொல்லுக்கே அங்கு இடமிருக்கவில்லை.

இரு நாட்டு வாசகரும் ஒருசேரக் கையில் எடுக்கும் புத்தகம் பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகங்களாக நிற்கும் இந்த நாவல் நீண்ட விடுமுறைக்கென்றே அளவெடுத்தது போன்றது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்களின் மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. தஞ்சை வாசகர் முதல் பாகத்தில் வீராணம் ஏரியைப் பார்த்துத் தன் ஊர்ப்பக்கம் என்று மகிழ்கிறார். இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து படகேறி ஈழத்துக்கு வரும்போது இலங்கை வாசகருக்கு அதே மகிழ்ச்சி. ஆனால் அங்கே அந்த வாசகர் காண்பது சோழப் படையோடு வந்தவர் கண்ணில் பட்ட தீவு.

இலங்கை வாசகருக்கு இன்னொரு வாசலும் உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மடோல் தூவ, 1947இல் சிங்களத்தில் வந்த சிறுவர் சாகசக் கதை. அதன் தமிழாக்கம் மடோல் தீவு. குறும்புக்கார உபாலியும் அவன் தோழன் ஜின்னாவும் ஆள் இல்லாத தீவொன்றில் குடியேறும் இக்கதை தென்னிலங்கையின் நீர்நிலைகளை வடக்குப் பிள்ளைக்கும் மலையகப் பிள்ளைக்கும் அறிமுகப்படுத்துகிறது.  ஆனாலும் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே இலகு நூல்கள் போய்வரும் பாதை இன்னும் ஒடுக்கமாகவே இருக்கிறது.

இன்று புத்தகம் வாங்கும் காலத்தைக் கண்காட்சிகள் தீர்மானிக்கின்றன. பொங்கலையொட்டிய சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியவை கோடைவரை அலமாரியில் காத்திருக்கின்றன; ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா வருகிறது. கொழும்பின் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி செப்டம்பரில் நடக்கிறது. சிங்கள, ஆங்கில நூல்களே அங்கு மிகுதி. அடுத்த மாதமான அக்டோபர் வாசிப்பு மாதம். இரண்டும் டிசம்பர் விடுமுறைக்கு வாகாக அமைந்திருந்தாலும் விலை இடையில் நிற்கிறது. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த நெருக்கடியோடு நூல் விலையும் பல குடும்பங்களின் கைக்கு எட்டாததாயிற்று.

இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம். அச்சில் இல்லாத ஈழத்து நாவல்களையும் இதழ்களையும் அங்கே இலவசமாகப் படிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் கல்கியின் நாவல்கள் உள்ளன. ஆனால் நூலகத்தில் பெரும்பாலானவை பழைய பக்கங்களின் படங்கள். கைபேசியின் சிறு திரையில் பிள்ளைகளுக்கு அவை கண்ணை உறுத்தும். பெரியவர் ஒருவர் சில அத்தியாயங்களைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தாலோ, கணினியில் திறந்து உரக்க வாசித்தாலோதான் ஆச்சியின் பயணத்தில் அவர்களும் ஏறிக்கொள்வார்கள்.