பாடவேளை உள்ள நடனமும் இல்லாத நடனமும்

யாழ்ப்பாணத்தில் ஆறாம் தரத்துப் பிள்ளை நடனத்தை ஒரு பாடமாகவே எடுத்துப் படிக்கலாம். சங்கீதம், சித்திரம் ஆகியவற்றோடு சேர்ந்து அழகியல் பாடமாக அது கால அட்டவணையில் நிற்கிறது. கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) சாதாரண தரம் வரை போனால் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. சொல்லிக்கொடுக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகத்திலோ, மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ முறையாகப் படித்தவர்கள் வருகிறார்கள்.

திருப்பூர் அரசுப் பள்ளியில் அந்தப் பாடவேளையே கிடையாது. தமிழக அரசு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி என்ற மூன்று தலைப்பில்தான் எடுத்தது. ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும், நன்றாக ஆடுகிற எட்டுப் பேர் முன்வரிசைக்கு வருவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பார்த்தால் இலங்கை மீது பொறாமை வரத்தான் செய்யும். ஆனால் தேர்வு வந்ததும் நடனம் பரதமாகிவிடுகிறது. தட்டடவும் நாட்டடவும் சரியாக விழுந்தால் மதிப்பெண். பிள்ளை தானாக ஓர் அசைவைக் கண்டுபிடித்தால் அதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது? அங்கே அந்தச் சுதந்திரம் நடனப் பாடத்தைவிட நாடகப் பக்கத்தில்தான் அதிகம் கிடைத்தது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் சிறுவர் நாடகங்களிலும், மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ நாடகத்திலும் பிள்ளைகள் ஆடுவது கதைக்காக, அடவுக்காக அல்ல.

தமிழ்நாட்டில் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆடலையும் பாடலையும் தினசரி வேலையாக்கியது. நல்ல மாற்றம்தான். இருந்தாலும் பெரும்பாலும் ஆசிரியர் கையை ஆட்ட, முப்பது பிள்ளைகளும் அப்படியே ஆட்டுகிறார்கள். அடவைப் பார்த்துச் செய்வதும் டீச்சரைப் பார்த்துச் செய்வதும் ஒன்றுதானே! ருடால்ஃப் லாபான் 1948இல் கல்விக்கான நடனம் பற்றி எழுதிய நூலில் வேறொன்றைக் கேட்டார்: உடல் எதைச் செய்கிறது, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு பலத்தோடு, யாரோடு சேர்ந்து என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும் என்றார்.

அதற்குத் திருப்பூரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. பனியன் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிட்டிங் மெஷினிலிருந்து குழாயாகச் சுற்றி இறங்கும், சாயப்பட்டறையில் ஊறிக் கனக்கும், பிழிபடும், காற்றில் உலரும், அயர்ன் சூட்டில் விறைக்கும். ஆசிரியர் மேசையில் தாளம் தட்டட்டும். ‘நீ இப்போ ஈரத் துணி’ என்றதும் தோள் தொங்கும், முழங்கால் மடங்கும். தாளம் நின்றால் அப்படியே நிற்க வேண்டும். விதி ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவர் செய்ததைச் செய்யக் கூடாது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, தமிழ் இன்னும் பிடிபடாத பிள்ளையும் ஒருமுறை பார்த்தாலே இதில் சேர்ந்துவிடும். தையல்காரராகவோ அவருக்கு உதவும் கைமடியாகவோ நடிக்கச் சொல்ல வேண்டாம். குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையைக் கண்ட ஊர் இது. பிள்ளை துணியாக இருக்கட்டும், கம்பெனி ஆளாக வேண்டாம்.

கொங்கு நாட்டுக்கென்று வள்ளி ஒயில் கும்மி இருக்கிறதே என்று கேட்கலாம். அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதிலிருந்து ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொடுத்து, திசையையோ வேகத்தையோ பிள்ளைகளை மாற்றச் சொன்னால் மரபும் கிடைக்கும், சொந்த அசைவும் வரும். முழு ஆட்டத்தையும் பழக்கி மேடையேற்றுவது வேறு வேலை.

ஆசிரியராகப் போகிறவருக்கு இதையெல்லாம் செய்து பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது? இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரியில் படிப்பவருக்கு மூன்றாம் ஆண்டு முழுவதும் பள்ளியில் பயிற்சி. இங்கே பி.எட். மாணவருக்கு இரண்டாம் ஆண்டில் 16 வாரம். பாடத்திட்டத்தில் நாடகமும் கலையும் இருக்கின்றன, பயிற்சிப் பள்ளியில்தான் அவற்றுக்கு நேரமில்லை. நேரத்தை அறிவியலிலிருந்து எடுக்கலாம். ஈரத் துணி உலர்வது ஆவியாதல் பாடம்தான்; பாடக்குறிப்பில் அப்படியே எழுதலாம். தேர்வு இல்லாத இடத்தில் யாரும் அடவு கேட்கப் போவதில்லை. சத்தம் வரும் என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.