நம்மைச் சாராதவர்

முதுநகர்த் துறைமுகத்தில், நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே தோணிகளில் சரக்கு ஏற்றி இறக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர் என் தந்தையார். இலங்கை வானொலியில் குறிப்பிட்ட ஒரு பழைய பாடல் வந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டுச் செவி சாய்ப்பார். 1960ஆம் ஆண்டு வெளிவந்த 'பாதை தெரியுது பார்' என்னும் படத்தின் பாடல் அது. எழுதியவர், நம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன். இசையமைத்தவர் எம்.பி. சீனிவாசன்.

"படம் பார்த்தீர்களா, அப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லை சாமி. அது கம்யூனிஸ்ட்டுகள் எடுத்த படம், போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்" என்றார். அந்தப் படம் நம் ஊருக்கு வந்ததா என்பதுகூட அவருக்கு நினைவில் இல்லை. போகக் கூடாது என்ற சொல் மட்டும் நினைவில் தங்கியிருந்தது.

அப்படத்தை இயக்கியவர் நிமாய் கோஷ். 1914இல் பிறந்து 1988இல் மறைந்த வங்காளி. ஒளிப்பதிவாளராகத் தொடங்கி இயக்குநராக உயர்ந்தவர். சத்யஜித் ராய் முதலியோர் 1947இல் கல்கத்தாத் திரைப்படக் கழகத்தை நிறுவிய காலத்தில் அவர்களோடு இருந்தவர். அவருடைய முதற்படம் 'சின்னமூல்' (1950). 'வேரறுந்தவர்கள்' என்பது அதன் பொருள். நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்காளத்துச் சிற்றூரைவிட்டு வெளியேறும் உழவர்களின் கதை அது.

திறனாய்வாளன் என்ற முறையில் அப்படத்தின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கதைக்கோவை தளர்ந்திருக்கிறது. காட்சிகள் சில இடங்களில் செய்திப்படம்போல் ஓடுகின்றன. ஆயினும், வீட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு வர மறுக்கும் மூதாட்டியைக் கண்டவர் மறக்க இயலாது. கல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் உண்மையான அகதிகளுக்கு நடுவிலேயே படப்பிடிப்பு நடந்தது. நடிகர்களின் முகமும் ஏதிலிகளின் முகமும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கணவனைப் பிரிந்து, தங்க இடமின்றி, நிறைமாதக் கர்ப்பிணியாக அம்மாநகரில் அலைகிறாள் ஓர் உழவர் வீட்டுப் பெண். பெத்லகேமில் இடம் கிடைக்காத அந்த இரவை ஆண்டுதோறும் கொண்டாடும் நமக்கு இக்காட்சியை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

கல்கத்தா வந்த உருசிய இயக்குநர் புடோவ்கின் இப்படத்தைக் கண்டு பாராட்டினார். சோவியத் நாட்டில் அது திரையிடவும் பட்டது. ஆனால் வங்காளத்தில் நிமாய் கோஷுக்கு இரண்டாவது படம் அமையவில்லை. 1950களின் தொடக்கத்தில் ஒளிப்பதிவாளராகப் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கு வந்தார். மொழி புதிது, ஊர் புதிது. வந்த இடத்திலும் அவர் தம் வேலையுண்டு தாமுண்டு என்று இருந்துவிடவில்லை. படப்பிடிப்புத் தளங்களில் நேரம் காலமின்றி உழைத்தவர்களுக்காக எம்.பி. சீனிவாசனோடு சேர்ந்து தொழிற்சங்கம் கட்டினார். இன்று தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமாக நிற்கும் அமைப்பின் அடித்தளத்தில் அவ்விருவரின் உழைப்பு இருக்கிறது.

பத்தாண்டு இடைவெளிக்குப் பின் வந்ததே 'பாதை தெரியுது பார்'. ஒரு பெருமுதலாளியின் பணத்தில் எடுக்கப்பட்டதன்று அது. பலர் பங்கு போட்டு, குமாரி பிலிம்ஸ் என்ற பெயரில் எடுத்தது. கதை உரையாடல் ஆர்.கே. கண்ணன். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரமும் கே.சி.எஸ். அருணாசலமும் ஜெயகாந்தனோடு பாடல் எழுதினர். தொழிலாளரின் ஒற்றுமையைப் பேசிய அப்படத்திற்கு 1960ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் கிடைத்தது. மக்களிடம் சென்று சேரும் வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. அவர் இயக்கிய அடுத்த படம் 'சூறாவளி' 1981இல்தான் வந்தது. 1950 முதல் 1981 வரை முப்பத்தோர் ஆண்டுகளில் மூன்றே படங்கள்!

யார் தடுத்தார்கள்? அமெரிக்காவில் இக்கேள்விக்கு விடை உண்டு. 1947இல் நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துத் திரைக்கலைஞரை ஹாலிவுட் முதலாளிகள் வெளிப்படையாக விலக்கினர். அவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் பைபர்மன் சிறை சென்று திரும்பி, நியூ மெக்சிகோ சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை 'மண்ணின் உப்பு' (1954) என்ற படமாக்கினார். படப்பிடிப்பு முடியுமுன்னே கதாநாயகி மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். படச்சுருளை ஓட்டவும் ஆளில்லாமல் செய்தார்கள். அதே படத்தை 1992இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அங்கே தடுத்தவர்களின் பெயர் தெரியும். எனவே பின்னாளில் வருந்தவும் ஓர் இடம் இருந்தது. நம் நாட்டில் நிமாய் கோஷை விலக்கி யாரும் ஆணை பிறப்பிக்கவில்லை. சங்கம் கட்டியவரை நம்பிப் பணம் போட முதலாளிகள் வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான். கையொப்பமில்லாத தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்வது எங்கே?

இந்த இடத்தில் நம்மையும் நாம் சோதித்துக்கொள்ள வேண்டும். பதினொன்றாம் பத்திநாதர் 1936இல் திரைப்படம் பற்றி விடுத்த சுற்றுமடல், பார்க்கத் தகுந்தவை, தகாதவை எனப் படங்களை வகைப்படுத்திப் பட்டியலிட வேண்டும் என்றது. இளைஞரின் ஒழுக்கத்தைக் காப்பது அதன் நோக்கம். அதை நான் எள்ளவில்லை. ஆனால் படத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பது ஒன்று. எடுத்தவர் யாரென்று கேட்டவுடனே முகம் திருப்பிக்கொள்வது வேறொன்று. என் தந்தையாருக்குக் கிடைத்தது இரண்டாவது. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை 1891இலேயே பதின்மூன்றாம் சிங்கராயர் நிலைநாட்டியிருந்தார். அவ்வுரிமையைத் திரையில் காணும் வாய்ப்பு மூட்டை சுமந்த ஒரு கத்தோலிக்கருக்கு மறுக்கப்பட்டது, சொன்னவர் வேற்று முகாமைச் சேர்ந்தவர் என்பதால்.

உலகத் திருச்சபை இதில் நம்மைவிட முன்னே சென்றிருக்கிறது. சமயத்தை இழிவுபடுத்தினார் என்று 1963இல் இத்தாலிய நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர் மார்க்சியரான பசோலினி. அடுத்த ஆண்டே மத்தேயு நற்செய்தியைப் படமாக்கி, திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். வெனிஸ் விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் பரிசு அதற்குக் கிடைத்தது. 1995இல் திரைக்கலையின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அவருடைய கொள்கைகள் அனைத்தையும் திருச்சபை ஏற்றுக்கொண்டது என்று இதற்குப் பொருளில்லை. அவர் கையில் உருவான நன்மையை நன்மை என்று சொல்லும் துணிவு அதற்கு இருந்தது.

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் யோவான் ஆண்டவரிடம் பெருமையோடு ஒரு செய்தி சொல்கிறார்: ஒருவர் உமது பெயரால் பேய் ஓட்டினார், அவர் நம்மைச் சாராதவர், ஆகவே தடுத்துவிட்டோம். ஆண்டவர் பாராட்டவில்லை, தடுக்க வேண்டாம் என்கிறார். குணமடைந்தவர் நிலை என்ன என்று யோவான் கேட்கவே இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். ஓட்டியவர் யாருடைய ஆள் என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

நிமாய் கோஷ் நம் மறையைச் சார்ந்தவரல்லர். அவர் நம்பிய பாதையே முழுமையான பாதை என்று நான் எழுதவும் மாட்டேன். ஆனால் வேரறுந்தவர்களின் முகத்தையும் சுமை தூக்குவோரின் முகத்தையும் மதிப்போடு திரையில் காட்ட முனைந்தவர் அவர். அந்த முகங்களில் ஒன்று என் தந்தையாருடையது. அவர் அப்படத்தைப் பார்க்காமலே இறந்தார். இனி நம் பங்கு மன்றங்களில் ஒரு படத்தையோ நூலையோ விலக்குமுன், அதைப் பார்த்தோமா, படித்தோமா என்ற கேள்வியை முதலில் கேட்போம். நம்மைச் சாராத கலைஞருக்கும், அவருடைய கலை தேவைப்பட்ட எளிய மனிதருக்கும் நாம் செலுத்த வேண்டிய நீதி அங்கே தொடங்குகிறது.