புள்ளி வைத்த கோப்புகள்

பாஷ் ஷெல்லில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் கடைசியாகக் கொடுத்த கட்டளை வரும். மறுபடி அழுத்தினால் அதற்கு முந்தையது. வேண்டிய கட்டளை கிடைக்கும்வரை அந்த விசையைத் தட்டிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம். ஆனால் நம் ஹோம் டைரக்டரியில் .இன்புட்ஆர்சி என்ற கோப்பில் இரண்டே வரி எழுதிவிட்டால் அந்த விசையின் குணமே மாறிவிடும். 'கிட்' என்று மட்டும் தட்டிவிட்டு மேல் அம்பை அழுத்துங்கள். கிட் என்று தொடங்கிய பழைய கட்டளைகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஒன்றும் தட்டாத வெற்று வரியில் அழுத்தினாலோ, எப்போதும்போல முந்தைய கட்டளைதான் வரும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புதிய திறமை சேர்ந்திருக்கிறது, கை பழகிய பழக்கம் ஒன்றும் பறிபோகவில்லை.

இந்தக் கோப்பைப் படிப்பது ரீட்லைன் என்ற நிரல் நூலகம் என்பதால், அதைப் பயன்படுத்தும் மற்ற நிரல்களுக்கும் இந்த வசதி தானாகப் போய்ச் சேர்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பிஎஸ்கியூஎல்லில் உட்கார்ந்தாலும் சரி, ஜிடிபியில் பிழை தேடினாலும் சரி, அம்புக்குறி அதே மாதிரி வேலை செய்யும். பாஷை 1989இல் குனூ திட்டத்துக்காக எழுதிய ப்ரையன் ஃபாக்ஸின் கைவண்ணம்தான் ரீட்லைனும். பிறகு பல ஆண்டுகளாக இரண்டையும் பேணி வருபவர் செட் ரேமி.

புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட கோப்புகள் ஏன் கண்ணில் படுவதில்லை? யுனிக்ஸின் தொடக்க நாட்களில் ஒவ்வொரு டைரக்டரியிலும் தன்னைக் குறிக்க ஒரு புள்ளி, மேல் டைரக்டரியைக் குறிக்க இரண்டு புள்ளி என்று இரு பதிவுகள் சேர்ந்தன. எல்எஸ் கட்டளை போடும் பட்டியலில் அவை தெரிய வேண்டாம் என்று நினைத்தவர், முழுப்பெயரையும் ஒப்பிடாமல் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டார். பெல் லேப்ஸில் பணியாற்றிய ராப் பைக் இதை விவரித்து, இது திட்டமிட்ட அமைப்பே அல்ல, ஒரு குறுக்குவழியின் விளைவு என்று குறைபட்டிருக்கிறார். அவர் குறை நியாயமானதுதான். ஆனாலும் நம் பழக்கவழக்கங்களை எழுதி வைக்க அந்தக் குறுக்குவழி ஒரு பரணைத் திறந்துவிட்டது. அதில் இன்று எத்தனையோ பேரின் ரசனை அடுக்கப்பட்டிருக்கிறது.

கட்டளை வரியின் தொடக்கத்தில் நிற்கும் ப்ராம்ப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ன் ஷெல்லுக்கு $, சி ஷெல்லுக்கு %, ரூட் ஆளுக்கு #. ஒற்றைக் குறியில் 'நீ யார், உனக்கு என்ன அதிகாரம்' என்று சொல்லிவிடும் இந்தச் சிக்கனத்துக்கு மேல் எதைச் சேர்த்தாலும் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். நல்ல ப்ராம்ப்ட் ஒன்று சொந்த லேப்டாப்பில் கணினியின் பெயரைக் காட்டாது. அது உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். எஸ்எஸ்எச் வழியாக வேறு இயந்திரத்துக்குள் நுழைந்தால் மட்டும் பெயர் முளைக்கும். எஸ்எஸ்எச் இணைப்பு வந்ததும் அதற்கென்று ஒரு சூழல் மாறி தானாக நிரம்பிவிடும். அது நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அந்தப் பெயருக்கு நிறம் கொடுப்பதில் இன்னொரு நயம் உண்டு. எந்த சர்வருக்கு எந்த நிறம் என்று பட்டியல் எழுதி வைப்பது ஒரு வழி. கணினியின் பெயரையே எண்ணாக மாற்றி, அந்த எண்ணைக் கொண்டு நிறம் தேர்வது அதைவிட அழகான வழி. பட்டியலே வேண்டாம். நாளை புதிதாக வரும் இயந்திரத்துக்கும் அதன் பெயரிலிருந்தே ஒரு நிறம் கிடைத்துவிடும், அது என்றும் மாறாது. எண்ணாக்கும் வேலைக்கு எம்டி5 எல்லோருக்கும் முதலில் நினைவு வரும். ஆனால் லினக்ஸில் அந்தக் கட்டளைக்கு ஒரு பெயர், மேக்கில் நெடுங்காலமாக வேறு பெயர். சிகேசம் என்ற பழைய கட்டளையோ பாசிக்ஸ் தரத்தில் வரையறுக்கப்பட்டது. எங்கே ஓட்டினாலும் ஒரே பெயர், ஒரே விடை. புதுமையாக எதுவும் இல்லாத அந்தக் கருவியை ஒருவர் தேர்ந்திருப்பதைப் பார்த்தாலே, அவர் பல இயந்திரங்களில் புழங்கியவர் என்று தெரிந்துவிடும்.

நிறம் தீட்டும்போது மறக்கக்கூடாத சின்ன விஷயம் ஒன்று. நிறத்துக்கான மறைகுறிகள் திரையில் இடம் பிடிக்காது என்று பாஷுக்குத் தெரியாது. அவற்றைச் சாய்கோடும் சதுர அடைப்பும் இட்டுப் பொதிந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீளமான கட்டளை வரி முடிந்து மடங்கும் இடத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். குறுகிய கட்டளைகள் மட்டும் கொடுப்பவர் கண்ணுக்கு இந்தப் பிழை படவே படாது.

ஒரே அமைப்பைப் பல சாதனங்களுக்குக் கொண்டுபோகும்போதுதான் இந்தக் கலையின் உண்மையான அழகு வெளிப்படுகிறது என்பேன். மேக் கணினியில் பாஷ் இன்னும் 3.2 பதிப்பிலேயே நிற்கிறது. அதற்குப் பிந்தைய பதிப்புகள் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியதால் ஆப்பிள் அவற்றை ஏற்கவில்லை. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் அங்கே ஸீஷெல்தான் இயல்பான ஷெல். எல்எஸ்ஸுக்கு நிறம் கொடுக்கும் விதமும் லினக்ஸில் ஒன்று, மேக்கில் வேறு. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் திறந்தால், கட்டளைகள் வழக்கமாக இருக்கும் யூஎஸ்ஆர் பின் டைரக்டரியே அந்த இடத்தில் இல்லை. இத்தனை வேற்றுமைக்கும் நடுவில் ஒரே கோப்பு எப்படி முகம் சுளிக்காமல் பிழைக்கிறது? கேட்டுவிட்டுத்தான் அது காரியம் செய்கிறது. 'இது எந்த இயங்குதளம்?' என்று யூநேம் கட்டளையிடம் கேட்கிறது. 'இந்தக் கருவி உன்னிடம் இருக்கிறதா?' என்று விசாரித்து, இருந்தால் மட்டும் அதற்கு ஏலியாஸ் வைக்கிறது. இல்லையென்றால் புகார் இல்லை, எச்சரிக்கை இல்லை; அந்த வரியை வெறுமனே கடந்துவிடுகிறது.

சில அமைப்புகளுக்கு அந்தக் கேள்வியும் வேண்டியதில்லை. போனின் ஒடுங்கிய திரையில் நீளமான பாதை முழு வரியையும் விழுங்கிவிடும். பாஷ் 4இல் வந்த ஒரு மாறிக்கு 2 என்று மதிப்புக் கொடுத்தால், பாதையின் கடைசி இரண்டு டைரக்டரிகள் மட்டும் தெரியும், முன்பகுதி மூன்று புள்ளியாகச் சுருங்கும். இதே வரியை மேக்கின் பழைய பாஷ் படித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதைப் பொறுத்தவரை அது யாரும் பார்க்காத ஒரு மாறி, அவ்வளவுதான். தெரிந்தவன் பயன்படுத்திக்கொள்ளட்டும், தெரியாதவனுக்கு இடைஞ்சல் இல்லை என்கிற இத்தகைய வரிகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பதில் ஒரு தனி இன்பம்.

கோப்புகளைச் சாதனம்தோறும் கொண்டுசெல்ல வழிகள் பல. கிட்டில் வைத்து ஸ்டோ கருவியால் இணைப்பு போடுவார்கள் சிலர். ஹோம் டைரக்டரியையே கிட்டின் கண்காணிப்பில் விடுவார்கள் சிலர். எதுவானாலும் சரி. கடவுச்சொல்லும் சாவியும் மட்டும் அதற்குள் போய்விடக் கூடாது.

அவற்றையும், அந்தந்த இயந்திரத்துக்கே உரிய விஷயங்களையும் வைக்கத் தனியாக ஒரு கோப்பு உண்டு. பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சியின் கடைசி வரி, அப்படி ஒன்று இருந்தால் படி என்று சொல்லும். அந்த வரியை 'இருக்கிறதா? அப்படியானால் படி' என்று இரண்டு & குறிகளால் கோத்து எழுதுவதே வழக்கம். கச்சிதமான வரிதான். ஆனால் கோப்பு இல்லாத இயந்திரத்தில் அது தோல்வி என்ற விடையோடு முடியும். முந்தைய கட்டளை தோற்றால் ப்ராம்ப்ட்டைச் சிவப்பாக்கும் பழக்கம் உள்ளவர், புது சர்வரில் நுழைந்த கணமே, எதுவும் செய்யாமலே, சிவப்பைப் பார்ப்பார். அதையே இஃப் போட்டுக் கொஞ்சம் கூடுதலாக எழுதினால், கோப்பு இல்லாதபோதும் விடை வெற்றியாகவே இருக்கும். யாரோ ஒருவருடைய பாஷ்ஆர்சியைத் திறக்கும்போது நான் முதலில் கடைசி வரிக்குப் போய் அங்கே இஃப் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.