பட்டம் ஒன்று, பெண்கள் பலர்: ‘பேட்கேர்ள்’ சித்திரக்கதைகளில் பெயர்க் கைமாற்றமும் அதன் விலையும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் டி.சி. காமிக்ஸ் நிறுவனம் வெளியிடும் பேட்மேன் சித்திரக்கதைகளில் ‘பேட்கேர்ள்’ என்னும் முகமூடிப் பெயரை 1961 முதல் வெவ்வேறு பெண்கள் ஏற்றுள்ளனர். ஒரு பெயரைப் பலர் ஏற்பதைப் பெண்வீரத்தின் மரபுத்தொடர்ச்சியாகக் கொள்வது எளிது. இப்பெயர் கைமாறிய தருணங்களை வரிசையாக ஆராயும் இக்கட்டுரை, புதியவளின் வருகைக்கு முந்தையவளின் வெளியேற்றம் பெரும்பாலும் விலையாக அமைவதையும், அவ்வெளியேற்றத்தின் முடிவு அப்பெண்ணிடம் இல்லாமையையும் எடுத்துக்காட்டுகிறது. முந்தையவளின் கதை கைமாற்றத்திற்குப் பின்னும் தொடர்கிறதா என்னும் வினாவே பகிர்வையும் பதிலீட்டையும் பிரித்தறியும் அளவுகோலாகும் என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, பேட்கேர்ள், முகமூடிப் பெயர், பகிர்வு, பதிலீடு, மாற்றுத்திறன்

முன்னுரை

முகமூடிக் காவலர் கதைகளில் மாந்தர்க்கு இரு பெயர்கள் உண்டு. பெற்றோர் இட்ட இயற்பெயர் ஒன்று; உடையோடு சேர்ந்து வரும் பட்டம் மற்றொன்று. இயற்பெயர் ஒருவருக்கே உரியது. பட்டமோ உரிமையாளரிடமிருந்து பிரித்தெடுக்கத்தக்கது. எனவே ஒரு பட்டம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும்போது, அதனை முன்பு தாங்கியவர் என்ன ஆனார் என்னும் வினா எழுவது இயல்பு. பதிப்பகத்தின் நோக்கில் பட்டம் ஒரு வணிகச் சொத்து. அது காலியாக இருத்தல் இழப்பு. கதையின் நோக்கில் அது ஒரு வாழ்க்கை. இவ்விரு நோக்குகளும் மோதும் இடமாகப் பேட்கேர்ள் பட்டத்தின் வரலாறு அமைகிறது.

பட்டத்தின் இரு தோற்றங்கள்

1961 ஏப்ரலில் வெளிவந்த ‘பேட்மேன்’ 139ஆம் இதழில் பெட்டி கேன் ‘பேட்-கேர்ள்’ ஆக அறிமுகமானாள். பேட்வுமனாகிய கேத்தி கேனின் உறவுப்பெண் இவள். பேட்மேனுக்கு இணையாகப் பேட்வுமன் நிறுத்தப்பட்டதுபோல ராபினுக்கு இணையாக இவள் நிறுத்தப்பட்டாள். இவளுடைய செயல்கள் பலவும் ராபின்மீது கொண்ட ஈர்ப்பைச் சுற்றியே அமைந்தன. 1964இல் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் பதிப்பாசிரியர் பொறுப்பேற்றபின் இவ்விரு பெண்களும் கதைகளிலிருந்து விலக்கப்பட்டனர். விலகலுக்கான காரணம் கதைக்குள் கூறப்படவில்லை.

1967 ஜனவரி இதழாக வந்த ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 359இல் கார்டனர் ஃபாக்ஸ் எழுத, கார்மைன் இன்ஃபன்டினோ வரைய, பார்பரா கோர்டன் தோன்றினாள். தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு பெண் மாந்தர் வேண்டும் என்னும் தேவையும் இப்படைப்பின் பின்னணியில் இருந்தது. அதே ஆண்டில் இவோன் கிரெய்க் அவ்வேடத்தில் நடித்தார். வணிகக் காரணம் எதுவாயினும், கதைக்குள் பார்பராவின் தோற்றம் குறிப்பிடத்தக்கது. அவள் முனைவர் பட்டம் பெற்ற நூலகர். காவல் ஆணையரின் மகள். மாறுவேட விருந்து ஒன்றிற்காகத் தானே உருவாக்கிய உடையில் செல்லும் வழியில், புரூஸ் வெயின் தாக்கப்படுவதைக் கண்டு தலையிடுகிறாள். பட்டத்தை அவளுக்கு யாரும் வழங்கவில்லை. யாரிடமும் அவள் அனுமதி கோரவும் இல்லை. பெட்டி கேனுக்குப் பட்டம் ஓர் உறவுமுறை. பார்பராவிற்கு அது ஒரு செயல். பின்வந்த கைமாற்றங்களை மதிப்பிடுவதற்கு இவ்வேறுபாடு அடிப்படையாகிறது.

1988: காலியாக்கப்பட்ட இடம்

1988இல் வெளிவந்த ‘பேட்கேர்ள் ஸ்பெஷல்’ இதழில் பார்பரா முகமூடி வாழ்விலிருந்து ஓய்வு பெறுகிறாள். அதே ஆண்டில் ஆலன் மூர் எழுதி, பிரையன் போலண்ட் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ வெளிவந்தது. அதில் ஜோக்கர் அவள் வீட்டு வாயிலில் நின்று அவளைச் சுடுகிறான். தண்டுவடம் பாதிக்கப்பட்டு அவள் நடக்கும் ஆற்றலை இழக்கிறாள்.

இக்காட்சியின் கதையியல் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. சுடப்படும்போது அவள் பேட்கேர்ள் உடையில் இல்லை. அவளே பேட்கேர்ள் என்பது ஜோக்கருக்குத் தெரியாது. ஆணையர் கோர்டனைப் பித்தாக்கும் சோதனையில் அவர் மகள் ஒரு கருவியாகிறாள். காயம் மகளுடையது; சோதனை தந்தையுடையது; இறுதிக் காட்சி பேட்மேனுக்கும் ஜோக்கருக்கும் உரியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பட்டத்தைத் தாங்கியவளின் வீழ்ச்சி அவளுடைய கதையாக எழுதப்படவில்லை. ஆண் மாந்தரின் துயரத்திற்காகப் பெண்கள் சிதைக்கப்படும் போக்கினைப் பட்டியலிட்டு 1999இல் கெயில் சிமோன் எழுப்பிய விமரிசனத்தில் பார்பராவும் இடம்பெற்றது இதனால்தான்.

காயத்திற்குப் பின் வாழ்வைக் கொடுத்தவர்கள் வேறு எழுத்தாளர்கள். ஜான் ஆஸ்ட்ராண்டரும் கிம் யேலும் 1989இல் ‘சூசைட் ஸ்குவாட்’ 23ஆம் இதழில் ‘ஆரக்கிள்’ என்னும் மாந்தரை அறிமுகப்படுத்தினர். கணினி வழியாக மட்டுமே தொடர்புகொள்ளும் முகமறியாத அத்தகவலாளர் பார்பராவே என்பது பின்னர் வெளிப்பட்டது. 1996இல் இருவரும் எழுதிய கதை அவள் மீண்டெழுந்த படிநிலைகளை விவரிக்கிறது. நூலகரின் தொழிலறிவே ஆரக்கிளின் படைக்கலம். சக்கர நாற்காலி குறைக்குறியாக அன்றி இயல்பான இருப்பாகக் காட்டப்பட்டது. ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ கதைகளில் அவள் பிற முகமூடிப் பெண்களை வழிநடத்தும் தலைவியானாள். பட்டத்தை இழந்தவளின் கதை பட்டத்தைவிடப் பெரிதாக வளர்ந்த அரிய நிகழ்வு இது.

கசாண்ட்ரா: சொல்லற்ற உடல்

நிலநடுக்கத்தால் சிதைந்து அரசால் கைவிடப்பட்ட கோதம் நகரைப் பின்னணியாகக் கொண்ட ‘நோ மேன்ஸ் லேண்ட்’ தொடரில், 1999இல் பட்டம் மீண்டும் உயிர்பெற்றது. முதலில் ஹன்ட்ரஸ் எனப்படும் ஹெலினா பெர்டினெல்லி அவ்வுடையை அணிகிறாள். அவள் அதனைத் துறந்தபின் கசாண்ட்ரா கெய்ன் அதனைப் பெறுகிறாள். கசாண்ட்ராவிற்குப் பட்டம் செல்வதில் பார்பராவின் இசைவும் உண்டு. பெயரை உருவாக்கியவளே அடுத்தவளை ஏற்கும் இத்தருணம், கதைவரலாற்றில் பகிர்வு என்னும் சொல்லுக்கு முதன்முறையாகப் பொருள் தருகிறது. ஹெலினா ஹன்ட்ரஸாகத் தொடர்கிறாள். பார்பரா ஆரக்கிளாகத் தொடர்கிறாள். கசாண்ட்ரா பேட்கேர்ளாகத் தொடங்குகிறாள். ஒருத்தியின் வருகை மற்றொருத்தியின் அழிவைக் கோரவில்லை.

கெல்லி பக்கெட், டேமியன் ஸ்காட் ஆகியோரின் படைப்பான கசாண்ட்ரா, கொலைத்தொழிலுக்கென மொழியே கற்பிக்கப்படாமல் தந்தையால் வளர்க்கப்பட்டவள். பிறர் உடலசைவைப் படித்து அடுத்த செயலை முன்னறிவது அவள் ஆற்றல். பேச்சுக்குமிழியை நம்பியுள்ள ஒரு வடிவத்தில் பேசாத நாயகியைப் படைத்தல், வடிவத்திற்கே விடப்பட்ட அறைகூவல் எனலாம். 2000இல் தொடங்கிய அவளது தனித்தொடரில் கதையைச் சொற்களைவிட உடலின் வளைவும் கட்டங்களின் இடைவெளியும் நகர்த்துகின்றன. வாய்ப்பகுதி தைத்து மூடப்பட்ட முழுமுக உடை அவளது மொழியின்மையைக் காட்சியாக்குகிறது. தொடக்க இதழ்களிலேயே ஒருவன் தன் மனவாற்றலால் அவளுக்கு மொழியைத் தருகிறான். அதன் விலையாக உடலைப் படிக்கும் ஆற்றலை அவள் இழக்கிறாள். பேச்சைப் பெறுவது முழுமையான பேறு என்னும் எளிய முடிவைக் கதை ஏற்கவில்லை. ஆசியத் தோற்றமுடைய ஒரு பெண் இப்பட்டத்தை ஏற்றமையும் இத்தொடரின் சிறப்பு.

இத்தொடர் 73 இதழ்களோடு 2006இல் நின்றது. அதன்பின் ‘ராபின்’ தொடரில் கசாண்ட்ரா கொலைக்குழுத் தலைவியாக, சரளமாகப் பேசும் வில்லியாகத் தோன்றினாள். கொல்லாமையை உயிரினும் மேலாகப் போற்றியவளின் இத்திரிபு வாசகரிடையே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மருந்தின் வயப்பட்டே அவ்வாறு நடந்தாள் எனப் பின்னர் விளக்கம் தரப்பட்டது. எனினும் பட்டத்தை இழக்குமுன் மாந்தரின் இயல்பே சிதைக்கப்படும் நிகழ்வாக இது எஞ்சுகிறது.

ஸ்டெஃபனி: வழங்கியவர் யார்?

2009இல் பிரையன் க்யூ. மில்லர் எழுதிய புதிய தொடரின் முதல் இதழில், கசாண்ட்ரா உடையைக் களைந்து தோழி ஸ்டெஃபனி பிரவுனிடம் தந்துவிட்டு நீங்குகிறாள். தந்தையின் குற்றங்களைக் கெடுப்பதற்காக 1992இல் ‘ஸ்பாய்லர்’ ஆனவள் ஸ்டெஃபனி. 2004இல் சிறிதுகாலம் ராபினாக இருந்து நீக்கப்பட்டவள். அதே ஆண்டு இறந்ததாகக் காட்டப்பட்டுப் பின்னர் மீண்டவள். தோல்வியையே அடையாளமாகச் சுமந்த அவளுக்கு ஆரக்கிள் ஆசிரியையாகிறாள். இத்தொடரின் நகைச்சுவையும் விடாமுயற்சியும் அவளைப் பட்டத்திற்கு உரியவளாக்குகின்றன.

கைமாற்றக் காட்சி மட்டும் நெருடலாகவே உள்ளது. 73 இதழ்கள் வாழ்ந்த நாயகி சில கட்டங்களில் வெளியேறுகிறாள். தனக்கு ஏதேனும் நேரின் பட்டத்தை விட்டுவிடுமாறு பேட்மேன் இட்ட கட்டளைப்படியே கசாண்ட்ரா நடந்தாள் என ‘ரெட் ராபின்’ தொடரில் பின்னர் விளக்கப்பட்டது. இவ்விளக்கம் குறையை நிரப்புவதற்கு மாறாகப் பெரிதாக்குகிறது. ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குத் தந்ததாகக் காட்சியில் தோன்றிய கொடை, பின்னோக்கி ஓர் ஆணின் ஆணையாக மாற்றி எழுதப்படுகிறது. 1967இல் யாருடைய அனுமதியுமின்றிப் பிறந்த பட்டம், 2010 அளவில் ஒருவரின் உடைமைப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

2011: மீட்பும் அழிப்பும்

2011 செப்டம்பரில் டி.சி. நிறுவனம் தன் கதையுலகை மறுதொடக்கம் செய்தது. ஸ்டெஃபனியின் தொடர் 24 இதழ்களோடு முடிந்தது. மயக்கத்தில் அவள் காணும் எதிர்காலக் கற்பனைகள் அதன் இறுதி இதழில் விரிகின்றன. எழுதப்படாத கதைகளுக்கான விடைபெறலாக அவற்றைப் படிக்கலாம். புதிய தொடரில் பார்பரா மீண்டும் பேட்கேர்ள் ஆனாள். கசாண்ட்ராவும் ஸ்டெஃபனியும் புதிய கதையுலகில் உடனே இடம்பெறவில்லை. ஸ்டெஃபனி 2014இலும் கசாண்ட்ரா 2015இலும்தான் மீண்டனர். இருவருக்கும் பேட்கேர்ள் என்னும் கடந்தகாலம் அப்போது தரப்படவில்லை.

இத்தொடரை எழுதிய கெயில் சிமோன், துப்பாக்கியைக் கண்டு உறைந்து நிற்கும் பார்பராவைக் காட்டி, காயத்தின் நினைவை நேர்மையுடன் கையாண்டார். மூர் எழுதாது விட்ட அகவாழ்வு இங்கு எழுதப்பட்டது. ஆயினும் சிகிச்சையால் நடக்கத் தொடங்கியபோது ஆரக்கிள் மறைந்தாள். பட்டத்திற்கு மீண்டவள் பார்பரா என்பதால் இதனைப் பதிலீடு எனக் கருதத் தோன்றாது. ஆனால் இங்கும் ஒருத்தி அகற்றப்பட்டாள்; அவள் பார்பராவின் பழைய வடிவம். சக்கர நாற்காலியில் அமர்ந்து தலைமை தாங்கிய பெண்ணின் இருபதாண்டு வாழ்வு, குணமாக வேண்டிய ஓர் இடைவேளையாகச் சுருங்கியது. மாற்றுத்திறனாளி வாசகர்க்கு இவ்விழப்பு பெரிது. நடப்பவளுக்கே பட்டம் என்னும் உட்பொருளைக் கதை கூறாமல் கூறிவிடுகிறது.

ராபினோடு ஒப்பீடு

ராபின் பட்டமும் பலரால் ஏற்கப்பட்டதே. அங்கும் இழப்புகள் உண்டு என்னும் மறுப்பு எழக்கூடும். ஜேசன் டாட் என்னும் இரண்டாம் ராபினின் சாவு 1988இல் வாசகரின் தொலைபேசி வாக்கெடுப்பால், 5343க்கு 5271 என்னும் வாக்குகளில், முடிவு செய்யப்பட்டது. எனவே வன்முறை பெண்களுக்கு மட்டும் உரியதன்று. வேறுபாடு அதன்பின் வருவதில் உள்ளது. முதல் ராபினாகிய டிக் கிரேசன் 1984இல் நைட்விங் என்னும் புதிய பட்டத்திற்கு உயர்ந்தான். ஜேசனின் உடை கண்ணாடிப் பேழையில் நினைவுச்சின்னமாக நின்றது. அவனது சாவு பல ஆண்டுகள் கதையின் மனச்சான்றாக இயங்கியது. ராபினாக இருந்த ஸ்டெஃபனிக்கு அத்தகைய பேழை வைக்கப்படவில்லை. இதனை வாசகர் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பினர். ஆண்களின் வரிசையில் முன்னவர் நினைவாகவோ புதிய பட்டமாகவோ நிலைத்தனர். பெண்களின் வரிசையில் முன்னவள் பெரும்பாலும் இல்லாதவளாக்கப்பட்டாள்.

ஒரே காலத்தில் இருவர்

2021 டிசம்பரில் பெக்கி க்ளூனன், மைக்கேல் கான்ராட் ஆகியோர் எழுத, ஹோர்ஹே கொரோனா வரைந்து தொடங்கிய ‘பேட்கேர்ள்ஸ்’, பட்டத்தைப் பன்மையில் எழுதிய முதல் தொடராகும். கசாண்ட்ராவும் ஸ்டெஃபனியும் ஒரே காலத்தில் பேட்கேர்ள்கள். பார்பரா அவர்களுடன் வாழ்ந்து வழிகாட்டுகிறாள். பட்டம் ஓர் இருக்கை, அதில் ஒருத்தியே அமரலாம் என்னும் விதியைத் தலைப்பின் பன்மை விகுதியே தகர்க்கிறது. இத்தொடர் 19 இதழ்களோடு 2023இல் நிறைவுற்றது. அதன் கதைப்பின்னல் எல்லா இடத்தும் இறுக்கமானது எனக் கூற இயலாது. ஆயினும், முன்னவளை அகற்றாமல் பின்னவளை ஏற்க முடியும் என்பதை அது காட்டியது. அவ்வகையில் முந்தைய அகற்றங்கள் எவையும் கதையின் கட்டாயங்கள் அல்ல, தேர்வுகளே என்பது தெளிவாகிறது.

முடிவுரை

ஒரு பட்டத்தைப் பல பெண்கள் ஏற்றனர் என்னும் செய்தி மட்டும் பகிர்வுக்குச் சான்றாகாது. பெட்டி கேன் காரணமின்றி நீங்கினாள், பார்பரா பிறர் கதையில் வீழ்ந்தாள், கசாண்ட்ரா திரிக்கப்பட்டாள், ஸ்டெஃபனி கதையுலகிலிருந்தே அகன்றாள், ஆரக்கிள் குணமாக்கப்பட்டு மறைந்தாள். 1999, 2021 ஆகிய இரு தருணங்களில் மட்டுமே முன்னவளும் பின்னவளும் ஒருசேர வாழ்ந்தனர். இவ்விரண்டிலும் ஆரக்கிளின் அனுபவமோ பார்பராவின் வழிகாட்டலோ மையமாக இருப்பது தற்செயலன்று; பெயரை விட்டவளுக்குக் கதையில் இடம் இருக்கும்போதே பெயரைப் பெறுபவளுக்கு மரபு கிடைக்கிறது. பெண் மாந்தர் பலர் ஒரு பெயரை ஏற்கும் பிற வெகுமக்கள் கதைவரிசைகளை ஆராய்வோரும் புதிதாக வந்தவளை வரவேற்கும் பக்கத்தோடு, வெளியேறியவளின் இறுதிப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.