தோட்ட வாரியத்தில் இல்லாதவர்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (பொ.ஆ. 919, 921). குடவோலைக்காகப் பாடநூல்கள் கொண்டாடும் அவற்றில் எனக்குப் பிடித்த சொல் 'தோட்ட வாரியம்'. ஏரிக்கு ஒரு வாரியம் இருந்ததுபோலத் தோட்டத்துக்கும் ஒன்று. உறுப்பினராக வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது வேண்டும். பெண்ணுக்கு இடமில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' (2011), பெண்கள் காரணமின்றிப் பொதுவெளியில் திரியும் உரிமையைக் கேட்கிறது. கோரிக்கை சரிதான். ஆனால் அது மும்பையில் நின்று எழுதப்பட்டது; அங்கே கூட்டம் ஒருத்தியைக் கொஞ்சமாவது மறைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் பூங்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குச் செய்தி போய்விடும். கையில் ஒரு குழந்தை வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை நோயாவது வேண்டும். டாக்டர் நடக்கச் சொன்னார் என்றால் மாமியாரும் விட்டுவிடுவார். நூறு நாள் வேலையில் ஏரிக்கரை மரத்தடியில் பெண்கள் கூடி உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது வருகைப்பதிவேட்டில் பெயர் இருக்கும் நேரம்.

2016 சட்டத்திருத்தத்துக்குப் பின் தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. பூங்காவுக்குத் தீர்மானம் போடுபவர் பெண்ணாக இருக்கலாம். சாயங்காலம் அங்கே போய் உட்கார அவருக்கும் ஒரு காரணம் வேண்டும்.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி, "பூங்காவுக்குப் போய் என்ன மேடம் செய்யறது?" என்றாள். ஊஞ்சல் ஆடலாமே என்றேன்.

"ஒரு குழந்தை பெத்தாதான் மேடம் மறுபடி ஊஞ்சல் கிட்ட போக முடியும்."