தூணுக்குப் பின்னால் ஒரு காது

‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலில் வெளிவந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நாவலை மூன்று முறை படித்தவர்கள் “நாவலில் வரும் மணிமேகலை படத்தில் எங்கே?” என்று கோபித்துக்கொண்டார்கள். படிக்காதவர்கள் “யாருக்கு யார் என்ன உறவு?” என்று தொணதொணத்தார்கள். எனக்குப் படமும் பிடித்தது, நாவலும் பிடிக்கும். ஆனால் படிக்கும்போது நாவலாசிரியர் கல்கி நம்மைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஒட்டுக்கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடம்பூர் மாளிகையில் நடுநிசிச் சதியாலோசனை. வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறான்; மதிலுக்கு மேலே ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் தலை தெரிகிறது. அருமையான இடம் அது. சோழ அரியணைச் சண்டை முழுவதும் ஒரு வழிப்போக்கன் காதில் விழுகிறது. அவனைப் போலவே நாமும் ஒன்றும் தெரியாமல் வந்தவர்கள். அதோடு விட்டிருக்கலாம். பிறகு நிலவறை, பாழ்மண்டபம், காடு என்று யார் எங்கே ரகசியம் பேசினாலும் தூணுக்குப் பின்னால் ஒரு காது முளைத்துவிடுகிறது. கதவைச் சாத்திவிட்டுப் பேசத் தெரிந்த ஒருவர்கூடச் சோழநாட்டில் இல்லையா?

உருவ ஒற்றுமை இன்னொன்று. ‘சிவகாமியின் சபத’த்தில் நாகநந்தியும் புலிகேசியும் இரட்டையர், இங்கே நந்தினிக்கும் மந்தாகினிக்கும் ஒரே முகம். இதைக் குறை என்று சினிமா நினைக்கவில்லை. ஐஸ்வர்யா ராய்க்கு இரட்டை வேடம் கொடுத்து அப்படியே வாங்கிக்கொண்டது.

மற்றபடி, எரிச்சலூட்டும் பழக்கங்களில் பாதிக்குக் காரணம் வாரப் பத்திரிகை. 1950 முதல் 1954 வரை இந்தக் கதை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்தது. வாரத்துக்குச் சில பக்கங்கள், மணியத்தின் ஓவியத்தோடு. ஏழு நாளில் வாசகருக்குப் பாதி மறந்துபோகும். அதனால்தான் ஆசிரியர் குறுக்கே வந்து முன்கதை சொல்கிறார், ஊருக்கு வழி சொல்கிறார், அத்தியாயக் கடைசியில் யாரையாவது ஆபத்தில் தொங்கவிட்டுப் போகிறார். இதழ்களிலிருந்து கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்த வீடுகள் அந்தக் காலத்தில் எத்தனையோ. அப்படித் தைத்த புத்தகத்தை இரண்டு நாளில் படித்து முடிக்கிறவருக்குத்தான் இதெல்லாம் தொந்தரவு.

படத்தின் இயக்குநர் மணிரத்னம், குறுக்கே வந்து பேசும் அந்த ஆசிரியர் குரலைத் தொடக்கத்தில் கமல்ஹாசனிடம் கொடுத்துவிட்டு அப்புறம் ஓய வைத்துவிட்டார். கதை வேகம் பிடித்தது. போனது குறும்பு. அரசர்களைப் பற்றிப் பேசும்போதும் ஓரக்கண்ணால் சிரித்துக்கொள்ளும் ஒரு மனிதர் நாவலில் கூடவே வருகிறார். படத்தில் அவருடைய பங்கையும் சேர்த்து, வந்தியத்தேவனாக வரும் கார்த்தி சுமக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பேசுகிற கல்கி ஓர் இடத்தில் வாயைத் திறக்க மறுக்கிறார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களையே சொல்கிறது. கல்கிக்கு இது தெரியும். ரவிதாசனைச் சதிகாரனாக்கி ஐந்து பாகமும் உலவவிட்டவர் அவர். ஆனாலும் கொலை நடக்கும் அறையில் இருட்டைப் பரப்பிவிட்டார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது; அவனைக் காப்பாற்ற மணிமேகலை “நான்தான் கொன்றேன்” என்கிறாள். படமோ கரிகாலனே சாவைத் தேடிக்கொண்டதாக முடிவு கட்டிவிட்டது. நல்ல நடிப்பு, உருக்கமான காட்சி. ஆனால் தியேட்டரை விட்டு வந்த பிறகு விவாதிக்க ஒன்றும் மிச்சமில்லை.

நாவலில் அந்த மௌனம் வேலை செய்வதற்குக் காரணம், அதுவரை கல்கி பேசிய பேச்சுத்தான். வாய் மூடாத மனிதர் திடீரென்று அமைதியானால் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆகவே அந்தக் குறுக்கீடுகளை நான் மன்னித்துவிட்டேன். தூணுக்குப் பின்னால் நிற்கும் காதுகளை இன்னும் மன்னிக்கவில்லை.

படம் பார்த்துவிட்டு நாவலை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு ஒன்று: நாளுக்கு மூன்று அத்தியாயத்துக்கு மேல் படிக்காதீர்கள்.